அட்டையை வாங்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

எஸ்பிஎம் முடித்துவிட்டுப் பல்லூடகத் துறையில் டிப்ளோமா படிக்கும் மகன் ஒருவன், ஓர் இரவு தந்தையின் முன் வந்து நிற்கிறான்.

“அப்பா, கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா ஓடுது. கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் மாத்திட்டா போதும். புதுசு மாதிரி ஆயிடும்.”

தந்தை தொழிற்சாலை ஊழியர். கூடுதல் நேரம் வேலை செய்து சேர்த்த பணம் கொஞ்சம் கையில் இருக்கிறது. பிள்ளையின் படிப்புக்கென்று கேட்டால் கொடுக்காத தந்தை உண்டா? இருந்தாலும் அவர் ஒரு கேள்வி கேட்கிறார்.

“மாத்தலாம் ஐயா. மாத்தினா இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?”

மகனிடம் பதில் இல்லை. கடையில் கேட்டாலும் இதற்கு நேரான பதில் எளிதில் கிடைப்பதில்லை. கோலாலம்பூர் லோயாட் பிளாசாவிலோ சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரிலோ அட்டைகள் அடுக்கடுக்காக இருக்கும். எந்த அட்டை சிறந்தது என்று அங்கே பத்து பேர் சொல்வார்கள். வீட்டில் இருக்கும் கணினிக்கு எது பொருந்தும் என்பதை, அந்தக் கணினியைத் திறந்து பார்த்தவர்தாம் சொல்ல முடியும்.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இக்கேள்வி பல வீடுகளில் எழுகிறது. எனவே இந்தக் குடும்பத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவர்கள் வீட்டில் இருப்பது அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட, இரண்டாம் கையாக வாங்கிய மேசைக் கணினி. இன்டெல் நிறுவனம் 2013இல் வெளியிட்ட நான்காம் தலைமுறை ஐ5 செயலி, 8 கிகாபைட் நினைவகம், பழைய சுழல் வட்டு ஆகியவை அதில் உள்ளன. தனி வரைகலை அட்டை கிடையாது.

வரைகலை அட்டை செய்யும் வேலை என்ன?

கணினித் திரை என்பது புள்ளிகளின் கூட்டம். இன்று பெரும்பாலான வீடுகளில் உள்ள திரையில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். அசையும் படமாக இருந்தால், இத்தனை புள்ளிகளின் நிறத்தையும் விநாடிக்கு 60 முறை கணக்கிட்டுத் தர வேண்டும். அதாவது விநாடிக்குச் சுமார் 12 கோடி புள்ளிகள்.

இந்த வேலையைக் கணினியின் பொதுச் செயலியே செய்தால் அது திணறிவிடும். ஆகவேதான் இதற்கென்று தனிச் சில்லு உருவானது. 1999இல் என்விடியா நிறுவனம் ஜிஃபோர்ஸ் 256 என்ற அட்டையை வெளியிட்டபோது, ‘ஜிபியு’ என்ற பெயரை விளம்பரத்தில் பயன்படுத்தியது. வரைகலைச் செயலி என்பது அதன் பொருள். அந்தப் பெயரே இன்று நிலைத்துவிட்டது.

தனி அட்டை இல்லாத கணினியிலும் வரைகலைச் சில்லு ஒன்று உண்டு. அது செயலிக்குள்ளேயே அடங்கியிருக்கும். கடிதம் எழுத, இணையம் பார்க்க, படம் பார்க்க அது போதும். ஆனால் அதற்குச் சொந்த நினைவகம் இல்லை. கணினியின் பொது நினைவகத்திலிருந்து ஒரு பங்கைக் கடன் வாங்கித்தான் அது வேலை செய்கிறது.

இந்தக் கடனில்தான் சிக்கல் இருக்கிறது. மேலே சொன்ன கணினியில் டிடிஆர்3 நினைவகம் இருக்கும். அதில் 1600 வேகம் கொண்ட இரண்டு நினைவக அட்டைகளைச் சோடியாகப் போட்டால் விநாடிக்கு 25.6 கிகாபைட் தகவல் போய்வரும். அதையும் செயலியோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 என்ற எளிய தனி அட்டையில், அதற்கே சொந்தமான 4 கிகாபைட் நினைவகம் விநாடிக்கு 128 கிகாபைட் வேகத்தில் இயங்குகிறது. ஐந்து மடங்கு வேகம். தனி அட்டையால் வரும் பயன் எங்கிருந்து வருகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

மகனின் கோரிக்கையிலும் நியாயம் உண்டு. முப்பரிமாண உருவங்களை வடிவமைக்க மாணவர்கள் பயன்படுத்தும் இலவச மென்பொருளான பிளெண்டரின் அண்மைய பதிப்புகள், நான்காம் தலைமுறைச் செயலிக்குள் இருக்கும் வரைகலையை ஆதரிப்பதில்லை. ஆக, பாடத்துக்கே தனி அட்டை தேவைப்படுகிறது. கணினி விளையாட்டுக்காக மட்டும் கேட்கிறான் என்று தட்டிவிட முடியாது.

முதலில் நோய் எது என்று அறிய வேண்டும்

ஆயினும் “மெதுவாக ஓடுகிறது” என்பது பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. காய்ச்சல் என்று வருகிறவருக்கெல்லாம் ஒரே மருந்து கொடுக்க முடியுமா? கணினியும் அப்படித்தான்.

விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்ற பகுதியில் செயலி, நினைவகம், வட்டு ஆகியவை எவ்வளவு உழைக்கின்றன என்பது படமாகத் தெரியும். புதிய கணினிகளில் வரைகலையும் அங்கே தெரியும். சில பழைய கணினிகளில் அது தெரியாமல் போகலாம். மற்ற மூன்றையும் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கணினி தடுமாறும் நேரத்தில் இதைத் திறந்து பார்க்க வேண்டும். வட்டு 100 விழுக்காட்டில் நிற்கிறதா? அப்படியானால் குற்றவாளி பழைய சுழல் வட்டு. அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி எனப்படும் திண்ம வட்டைப் போட்டால், கணினி திறக்கும் நேரமும் மென்பொருள் திறக்கும் நேரமும் வெகுவாகக் குறையும். எவ்வளவு விலையுயர்ந்த வரைகலை அட்டையாலும் அந்த வேலையைச் செய்ய முடியாது.

நினைவகம் நிரம்பி வழிகிறதா? அப்படியானால் 8 கிகாபைட்டை 16 ஆக்குவது முதல் வேலை. ஒரே ஒரு நினைவக அட்டை மட்டும் செருகியிருந்தால், அதே அளவுள்ள இன்னொன்றைச் சேர்க்கும்போது தகவல் போய்வரும் பாதை இரட்டிப்பாகும். உள்ளிருக்கும் வரைகலைக்கும் அதனால் பயன் உண்டு.

வட்டும் நினைவகமும் ஓய்வாக இருக்கும்போதும், முப்பரிமாண உருவத்தைத் திருப்பினால் படம் வெட்டி வெட்டி நகர்கிறதா? அப்போதுதான் வரைகலை அட்டையைப் பற்றிப் பேச வேண்டும்.

பெட்டியிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

அட்டைதான் தேவை என்று உறுதியான பிறகும் கடைக்கு ஓடக் கூடாது. கணினியின் மின்கம்பியைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டு மூடியைத் திறந்து ஐந்து கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

முதல் கேள்வி: செருகும் இடம் உண்டா?

வரைகலை அட்டை செருகப்படும் துவாரம் காலந்தோறும் மாறி வந்துள்ளது. 1990களில் பிசிஐ என்ற துவாரம் இருந்தது. 1997 வாக்கில் ஏஜிபி வந்தது. 2004 முதல் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்து, இன்றுவரை அதுவே நிலைத்திருக்கிறது. ஏஜிபி துவாரம் மட்டும் உள்ள மிகப் பழைய கணினியில் இன்றைய அட்டை எதையும் செருகவே முடியாது. அந்தக் கணினிக்கு அத்தோடு முடிவு.

பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒரு நல்ல பண்பு உண்டு. அதன் பழைய பதிப்புத் துவாரத்தில் புதிய பதிப்பு அட்டையைப் போடலாம், வேலை செய்யும். ஆனால் குறைந்த வேகத்தில் வேலை செய்யும். பதினாறு பாதைகள் கொண்ட முழுநீளத் துவாரத்தில் முதல் பதிப்பு விநாடிக்கு 4 கிகாபைட், இரண்டாம் பதிப்பு 8, மூன்றாம் பதிப்பு ஏறத்தாழ 16, நான்காம் பதிப்பு ஏறத்தாழ 32 கிகாபைட் தகவலைக் கடத்தும். நான்காம் தலைமுறை இன்டெல் கணினிகள் பலவற்றில் மூன்றாம் பதிப்புத் துவாரம் உண்டு. எளிய அட்டைக்கு அது தாராளம்.

இரண்டாம் கேள்வி: மின்சாரம் போதுமா?

கேள்விகளில் முக்கியமானது இது. கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டியின் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். மொத்தம் எத்தனை வாட் என்பதோடு, 12 வோல்ட் என்ற வரியில் எத்தனை ஆம்பியர் என்பதையும் பார்க்க வேண்டும். வரைகலை அட்டை முதன்மையாக அந்த 12 வோல்ட்டைத்தான் உண்கிறது. ஆம்பியரை 12ஆல் பெருக்கினால் எத்தனை வாட் என்பது தெரியும். 16 ஆம்பியர் என்றால் 192 வாட்.

நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தின் கணினியில் 290 வாட் பவர் சப்ளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். செயலி 84 வாட் கேட்கும். தாய்ப்பலகை, வட்டு, விசிறிகள் எல்லாம் சேர்த்து 50 வாட் என்று வைக்கலாம். ஜிடிஎக்ஸ் 1650 கேட்பது 75 வாட். கூட்டினால் 209 வாட். அளவுக்குள் அடங்கிவிடுகிறது. அதே கணினியில் 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 அட்டையைப் போட்டால் என்ன ஆகும்? அதற்கு மட்டும் 170 வாட் வேண்டும். கூட்டுத்தொகை 304. பெட்டியில் இருப்பதோ 290. ஆகவே அது கூடாது.

பிசிஐ எக்ஸ்பிரஸ் துவாரம் தன் வழியாகவே 75 வாட் வரை தரலாம் என்பது தரவிதி. அதற்கு மேல் கேட்கும் அட்டைகளுக்கு ஆறு முனைச் செருகி கூடுதலாக 75 வாட்டும், எட்டு முனைச் செருகி 150 வாட்டும் தரும். அலுவலகக் கணினிகள் பலவற்றில் இந்தச் செருகிகள் இருப்பதில்லை. மிகச் சிறிய உருவக் கணினிகள் சிலவற்றில் துவாரமே 75 வாட்டை முழுமையாகத் தருவதில்லை. கணினியின் கையேட்டில் அதைச் சரிபார்க்க வேண்டும்.

இங்கே ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். வட்டுக்குச் செல்லும் சாட்டா மின்கம்பியை ஆறு முனையாக மாற்றித் தரும் மலிவான இணைப்புகள் சந்தையில் உண்டு. சாட்டா செருகியின் 12 வோல்ட் முனைகள் தாங்குவது 54 வாட்தான். அதிலிருந்து 75 வாட்டை இழுத்தால் செருகி சூடேறி உருகும். தீப்பற்றவும் கூடும். சில வெள்ளியை மிச்சப்படுத்தப்போய் வீட்டை ஆபத்துக்கு உள்ளாக்கலாமா?

“பவர் சப்ளையை மாற்றிவிட்டால் போகிறது” என்று சிலர் சொல்வார்கள். சாதாரணக் கணினியில் அது எளிது. அலுவலகத்துக்கென்று தயாரான கணினிகள் பலவற்றில் தாய்ப்பலகைக்குச் செல்லும் செருகியின் வடிவமே வேறு. பொதுச் சந்தைப் பவர் சப்ளை அதில் பொருந்தாது.

மூன்றாம் கேள்வி: இடம் போதுமா?

அடிக்கோலை எடுத்து அளந்து பார்ப்பதே சிறந்த வழி. அட்டையின் பின்பக்கத் தகடு சாதாரண அளவில் 12 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். மெலிந்த அலுவலகக் கணினிகளுக்கு 8 சென்டிமீட்டர் உயரமுள்ள தாழ்தகடு அட்டைதான் பொருந்தும். ஜிடிஎக்ஸ் 1650 அட்டையே இரு உயரங்களிலும் வந்திருக்கிறது. வாங்கும்போது எது வேண்டும் என்று சொல்லிக் கேட்க வேண்டும். துவாரத்திலிருந்து முன்பக்க வட்டுக்கூடு வரை எத்தனை சென்டிமீட்டர் உள்ளது, அட்டை தடித்து இரண்டு துவார அகலத்தை அடைக்கிறதா என்பவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் கேள்வி: திரையோடு இணையுமா?

பழைய கணினியோடு பெரும்பாலும் பழைய திரையும் இருக்கும். அதன் பின்னால் நீல நிறத்தில், மூன்று வரிசை முனைகளோடு ஒரு செருகி இருந்தால் அதுதான் விஜிஏ. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசை முதல், என்விடியா அட்டைகள் அந்தப் பழைய வகைச் சமிக்ஞையைத் தருவதில்லை. எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் போன்றவைதாம் இருக்கும். திரையில் அவை இல்லையென்றால், சமிக்ஞையை உண்மையிலேயே மாற்றித் தரும் மின்னணு மாற்றி தேவை. வெறும் கம்பி போதாது.

ஐந்தாம் கேள்வி: கணினியின் மற்ற உறுப்புகள் ஈடுகொடுக்குமா?

மாட்டுவண்டிக்கு மோட்டார் சக்கரம் போட்டால் மாடு வேகமாக ஓடிவிடுமா? படத்தில் எது எங்கே இருக்க வேண்டும் என்று கட்டளையிடுவது செயலி. அதை வரைவது அட்டை. செயலி கட்டளை கொடுக்கத் தாமதித்தால் அட்டை கைகட்டிக் காத்திருக்கும். நான்கு உள்ளகங்கள் கொண்ட 2013ஆம் ஆண்டுச் செயலிக்கு எளிய அட்டையே ஏற்ற துணை. விலையுயர்ந்த அட்டையைப் போட்டால், கொடுத்த பணத்தின் பெரும்பகுதி உறங்கிக்கிடக்கும்.

கணினி உயிர்பெற்றதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளையும் கவனிக்க வேண்டும். யுஇஎஃப்ஐ வருவதற்கு முந்தைய பழைய பயாஸ் கொண்ட கணினிகளில், சில புதிய அட்டைகளைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். உற்பத்தியாளர் கடைசியாக வெளியிட்ட பயாஸ் பதிப்பை முன்கூட்டியே ஏற்றிவிடுவது நல்லது.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

இவ்வளவும் சரிபார்த்த பிறகு அட்டையைத் தேர்ந்தெடுக்கலாம். இங்கும் கவனம் தேவை.

2017இல் ஜிடி 1030 என்ற அட்டை வந்தது. அதன் நினைவக வேகம் விநாடிக்கு 48 கிகாபைட். அடுத்த ஆண்டு அதே பெயரில் இன்னொன்று வந்தது. அதில் டிடிஆர்4 நினைவகம். வேகம் சுமார் 17 கிகாபைட். பெட்டியின் மேல் பெயர் ஒன்றுதான். உள்ளே இருக்கும் பொருளின் வேகம் மூன்றில் ஒரு பங்கு. பெட்டியில் ஜிடிடிஆர்5 என்று எழுதியிருக்கிறதா, டிடிஆர்4 என்று எழுதியிருக்கிறதா என்பதைப் படித்துப் பார்த்தவர் தப்பித்தார்.

2022இல் ஏஎம்டி நிறுவனம் ஆர்எக்ஸ் 6400 அட்டையை வெளியிட்டது. 53 வாட்தான் உண்ணும், உருவமும் சிறியது. பழைய கணினிக்கென்றே செய்தது போலத் தோன்றும். ஆனால் அது நான்கு பாதைகளை மட்டுமே பயன்படுத்துகிறது. நான்காம் பதிப்புத் துவாரத்தில் அதற்கு விநாடிக்கு ஏறத்தாழ 8 கிகாபைட் கிடைக்கும். மூன்றாம் பதிப்பில் அது 4 ஆகவும், இரண்டாம் பதிப்பில் 2 ஆகவும் சுருங்கிவிடும். மேலும் காணொளியைக் குறியாக்கம் செய்யும் பகுதி அதில் இல்லை. காணொளி தொகுக்கப் படிக்கும் மாணவனுக்கு அது பெரிய குறை.

இன்டெல்லின் ஆர்க் அட்டைகள் நன்கு இயங்க, ‘ரீசைசபிள் பார்’ என்ற வசதி தாய்ப்பலகையில் இருக்க வேண்டும். பத்தாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் கணினிகளுக்கு அவற்றை இன்டெல்லே பரிந்துரைப்பதில்லை.

ஆக, நம் குடும்பத்தின் கணினிக்குப் பொருந்துபவை சிலவே. கூடுதல் மின்செருகி கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 ஒன்று. 2024 பிப்ரவரியில் வந்த, 70 வாட் மட்டும் கேட்கும் 6 கிகாபைட் ஆர்டிஎக்ஸ் 3050 இன்னொன்று. இதே பெயரில் 8 கிகாபைட் அட்டையும் உண்டு. அது கூடுதல் மின்செருகி கேட்கும். எனவே எண்ணை நன்றாகப் பார்த்து வாங்க வேண்டும். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ இரண்டாம் கைச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதன் தலைமுறைக்கான வழக்கமான இயக்கி மேம்பாடுகளை என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்துள்ளது.

இரண்டாம் கை வாங்குவோர் கவனத்துக்கு

மின்னிலக்க நாணயமான எத்தீரியத்தைத் தோண்டுவதற்காக ஒரு காலத்தில் அட்டைகள் இரவு பகலாக ஓடின. 2022 செப்டம்பர் 15ஆம் தேதி அந்த முறை கைவிடப்பட்டதும், அப்படி உழைத்த அட்டைகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவை எல்லாமே கெட்டவை என்று சொல்ல முடியாது. ஆனால் விசிறி தேய்ந்திருக்கலாம், வெப்பம் கடத்தும் பசை காய்ந்திருக்கலாம். விசிறியைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். கணினியில் போட்டு அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

போலிகளும் உண்டு. பழைய சில்லின் உள்மென்பொருளைத் திருத்தி, புதிய அட்டையின் பெயரைக் காட்டும்படி செய்து விற்கிறார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள், 2018 முதல் இப்படிப்பட்ட என்விடியா போலிகள் பலவற்றைக் கண்டுபிடித்து ‘போலி’ என்றே காட்டிவிடும். நம்ப முடியாத மலிவு விலை என்றால், உண்மையிலேயே நம்பக் கூடாது.

கடையில் வாங்கினால் ரசீதில் அட்டையின் முழுப் பெயர், நினைவக அளவு, உத்தரவாதக் காலம் மூன்றையும் எழுதச் சொல்ல வேண்டும். மலேசியாவில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை. சிங்கப்பூரில் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் உள்ளது. எங்கே சென்றாலும் முதலில் கேட்கப்படுவது ரசீதுதான்.

பொருத்தும் முறை

வேலை கடினமானதன்று. கணினியை நிறுத்தி, மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, திறப்புப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தினால் உள்ளே மிஞ்சிய மின்சாரம் வடிந்துவிடும். கணினியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். உள்ளே படிந்த தூசியைத் துடைக்கவும் இதுவே நல்ல வாய்ப்பு.

துவாரத்துக்கு நேரே பின்பக்கம் இருக்கும் வெற்றுத் தகட்டைத் திருப்புளியால் கழற்ற வேண்டும். அட்டையை ஓரங்களில் பிடித்து நேராக வைத்து, ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்ளும் வரை சமமாக அழுத்தி, திருகாணியால் இறுக்க வேண்டும்.

இதற்குப் பிறகுதான் பலர் தவறு செய்கிறார்கள். திரையின் கம்பியைப் பழைய இடத்திலேயே செருகிவிட்டு, “அட்டை வேலை செய்யவில்லை” என்று கவலைப்படுவார்கள். கம்பியைப் புதிய அட்டையின் துவாரத்தில் செருக வேண்டும். பிறகு உற்பத்தியாளரின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இயக்கி மென்பொருளை இறக்கி நிறுவினால் வேலை முடிந்தது.

தந்தையின் கேள்விக்கு விடை

“இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?” என்று தந்தை கேட்டாரே, அதற்கு விடை அட்டையில் மட்டும் இல்லை.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. தனிநபர்களுக்கு ஓராண்டு பாதுகாப்பு நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியை அந்நிறுவனம் கேட்கிறது. நான்காம் தலைமுறைச் செயலி அந்தப் பட்டியலில் இல்லை. எவ்வளவு நல்ல வரைகலை அட்டையைப் போட்டாலும் இந்த நிலை மாறாது. இலவசமான லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறலாம். பிளெண்டர் அதிலும் ஓடும். ஆனால் கல்லூரி கேட்கும் மற்ற மென்பொருள்கள் அதில் ஓடுமா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அதே வேளையில், வரைகலை அட்டைக்கு ஒரு சிறப்பு உண்டு. அதைக் கழற்றி எடுத்துச் செல்லலாம். நாளை வேறு கணினி வாங்கினால், அந்த அட்டையை அதில் போட்டுக்கொள்ளலாம். திண்ம வட்டும் அப்படியே. ஆனால் டிடிஆர்3 நினைவகம் புதிய கணினியில் பொருந்தாது. அதில் போடும் பணம் பழைய கணினியோடு போய்விடும். ஆக, பழைய கணினிக்குச் செலவு செய்யும்போது, நாளை உடன் வரக்கூடிய உறுப்புகளுக்கு முதலிடம் கொடுப்பதே சிக்கனம்.

இந்தக் கணக்குப்படி அந்தக் குடும்பம் என்ன செய்யலாம்? முதலில் திண்ம வட்டு ஒன்றைப் போட்டு ஒரு வாரம் பார்க்கலாம். பாதிக் குறை அதிலேயே தீர்ந்துவிடக்கூடும். பிறகு, 75 வாட்டுக்குள் அடங்கும், இன்னும் முழு ஆதரவு உள்ள ஓர் எளிய அட்டையை வாங்கலாம். டிப்ளோமா முடியும் வரை அது கைகொடுக்கும். அதன்பின் புதிய கணினி வாங்கும் நாளில் இரண்டும் உடன் செல்லும்.

மாறாக, கணினியில் துவாரமே இல்லை, அல்லது பவர் சப்ளை போதாமல் அதை மாற்றவும் வழியில்லை என்றால், “வேண்டாம்” என்று சொல்லத் தந்தை தயங்கக் கூடாது. அட்டை, பவர் சப்ளை, நினைவகம் என்று ஒவ்வொன்றாக வாங்கி, கடைசியில் எட்டாம் தலைமுறைக் கணினி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கும் விலையைத் தாண்டிவிடுவோரும் உண்டு. அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்து அடிப்படையையே மாற்றுவது மேல்.

முடிவு எதுவானாலும் மூடியைத் திறக்கும் அந்த அரை மணி நேரத்தில் தந்தையும் மகனும் ஒன்றாக உட்காரட்டும். மகன் சீட்டைப் படிக்கட்டும், தந்தை அடிக்கோலால் அளக்கட்டும், இருவரும் சேர்ந்து வாட் கணக்கைக் கூட்டிப் பார்க்கட்டும். கூடுதல் நேரம் உழைத்துச் சேர்த்த பணம் எங்கே போகிறது என்பது இருவருக்கும் தெரிந்த பிறகு கடைக்குச் செல்லட்டும்.